ஸ்லிப்பில் வரும் சதவீதமும் இடுப்பைச் சுற்றும் டேப்பும்

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே ஒரு மெஷின் மேல் ஏறச் சொல்லி, பில் மாதிரி ஒரு ஸ்லிப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எடை 80 கிலோ, கொழுப்பு 30.2 சதவீதம், தசை இத்தனை கிலோ, 'உடல் வயது' 51. கீழே கோச் பேனாவால் வட்டம் போட்டு எழுதியிருப்பார்: '3 மாதம், 18 சதவீதம்'. நாலாவது மாதம் ஆளே ஜிம் பக்கம் வராமல் போவதற்குப் பாதி காரணம் அந்த வட்டம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். 42 வயது, 168 செ.மீ உயரம், 80 கிலோ எடை, ஆபீஸ் நாற்காலியில் வேலை என்று ஒரு ஆணை எடுத்துக்கொள்வோம். 30 சதவீதம் என்றால் கொழுப்பு 24 கிலோ, மற்றதெல்லாம் சேர்த்து 56 கிலோ. அந்த 56 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாமல் 18 சதவீதத்துக்கு வர வேண்டுமென்றால் எடை 68.3 கிலோவுக்கு இறங்க வேண்டும் (56-ஐ 0.82-ஆல் வகுத்தால் வருவது). அதாவது 11.7 கிலோ கொழுப்பு, 13 வாரத்தில். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 990 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். இவருடைய அன்றாடச் செலவே 2,200 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, தினமும் 1,200 கலோரி மட்டும் சாப்பிட்டு, வேலைக்கும் போய், வெயிட்டும் தூக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டலாம். 13 வாரம் ஓட்ட முடியாது.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அந்த 30.2 என்ற எண் எவ்வளவு நம்பகமானது?

மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. லேசான மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தண்ணீர் அதிகமுள்ள தசையில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அந்தத் தடையை வைத்து உடம்பில் உள்ள தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து தசையை ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்று அச்சடிக்கிறது. வீட்டில் வைத்திருக்கும் ஸ்மார்ட் ஸ்கேலில் மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடுகிறது. இரு கை, இரு கால் என நாலு முனையிலும் மின்சாரம் விடும் மெஷினிலும் நடு உடம்பு தடிமனாக இருப்பதால், மொத்தத் தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். ஆனால் உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. எந்தத் தொப்பைக்காக ஜிம்முக்கு வந்தோமோ, அதைத்தான் மெஷின் மிக மோசமாகப் பார்க்கிறது. ஸ்லிப்பில் வரும் 'உள்ளுறுப்புக் கொழுப்பு' எண்ணும் ஊகமே. 'உடல் வயது' என்பது வெறும் அலங்காரம், அதைப் படிக்கவே வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு எண், மாலையில் உடற்பயிற்சி முடித்து வியர்வையோடு ஏறினால் வேறு எண். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒன்று, கிரியாட்டின் (ஜிம்காரர்கள் எடுக்கும் சப்ளிமென்ட் பொடி) ஆரம்பித்த பிறகு ஒன்று. கிரியாட்டின் தசைக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதால், இரண்டு வாரத்தில் ஒரு கிலோ 'தசை' கூடியதாக மெஷின் காட்டும். ஆள் சந்தோஷப்படுவார். அது தண்ணீர்.

ஒரு தனி ஆளுக்கு மூன்று நாலு சதவீதம் இப்படியோ அப்படியோ பிசகுவது சாதாரணம். நம்முடைய உதாரண மனிதருக்கு உண்மையில் 34 சதவீதம் என்றால், கொழுப்பு தவிர்த்த எடை 52.8 கிலோதான், 18 சதவீதத்துக்கு அவர் 64.4 கிலோவுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஒரே குறிக்கோள், ஒரே ஆள், இலக்கு எடை மட்டும் நாலு கிலோ தள்ளிப்போகிறது. லேசான எக்ஸ்ரே மூலம் கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிடத் துல்லியம். வசதி இருந்தால் ஆரம்பத்தில் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தேவையில்லை.

அதற்காக மெஷினைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரே மெஷின், காலையில் வெறும் வயிறு, கழிவறை போய் வந்த பிறகு, முந்தைய 12 மணி நேரம் உடற்பயிற்சி இல்லாமல் என்ற நிபந்தனையோடு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ஏறலாம். மூன்று சதவீதத்துக்கு மேல் மாற்றம் தெரிந்தால் மட்டும் நம்பலாம். அரை சதவீதத்துக்கு மகிழ்ச்சியும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

பி.எம்.ஐ (கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஒப்பீடு. 2004-இல் 'லான்செட்' இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் தங்கள் படத்தையே அருகருகே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3. யூட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 சதவீதம். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற நம்மூர் உடல்வாகின் கதை இதுதான். அதனால்தான் இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை என்றும், 25-லிருந்து உடற்பருமன் என்றும் வரம்பு வைத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ. இந்த உடல்வாகு உள்ளவர் எடையை மட்டும் குறைத்தால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் சேர்ந்து போகும். கன்னம் ஒட்டி, 'என்னப்பா உடம்பு சரியில்லையா' என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் நிலைக்கு வருவார். தொப்பை கொஞ்சம் மிச்சமிருக்கும்.

எனவே நடுத்தர வயதில் ஆரம்பிப்பவருக்கு வைக்க வேண்டிய குறிக்கோள் மூன்று: இடுப்பு, எடையின் போக்கு, தூக்கும் எடை. சதவீதம் இவற்றுக்குப் பின்னால் தானாக வரும்.

இடுப்பை அளக்க தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும், பத்து இருபது ரூபாய்தான். பேன்ட் போடும் இடத்தில் அளப்பதுதான் எல்லோரும் செய்வது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழே கட்டுவதால் '36 சைஸ்தான்' என்று பல வருடம் ஏமாந்துகொண்டே இருக்கலாம். சரியான இடம் வேறு. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அந்த மட்டத்தில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கம் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கவும் கூடாது, டேப் தோலில் அழுந்தவும் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. வாரம் ஒருநாள் போதும். ஒரு கிலோ எடை குறைந்தால் இடுப்பில் ஏறக்குறைய ஒரு செ.மீ குறையும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உயரத்தில் பாதிக்குக் கீழே இடுப்பு என்பது நல்ல நீண்டகால இலக்கு, 168 செ.மீ ஆளுக்கு 84.

எடையைத் தினமும் பாருங்கள், ஆனால் தினமும் நம்பாதீர்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து வரும் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி பிரியாணி சாப்பிட்டால் ஞாயிறு காலை ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், குடலில் இன்னும் இருக்கும் சாப்பாடு, இவற்றின் எடை அது. ஒரு கிலோ கொழுப்பு ஏற 7,700 கலோரி மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பிரியாணியாக இருந்தாலும் ஒரே ராத்திரியில் அது நடக்காது. முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குவதும் இதே விவகாரம்தான், திசைதான் வேறு. தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் குறையும்போது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் வெளியேறுகிறது. '7 நாளில் 3 கிலோ' விளம்பரங்களெல்லாம் ஓடுவது இந்தத் தண்ணீரில்தான்.

பெண்களுக்கு வாரச் சராசரியும் சில சமயம் ஏமாற்றும். மாதவிடாய்க்கு முன் ஒன்று, ஒன்றரை கிலோ தண்ணீர் ஏறுவது சகஜம். இந்த மாதச் சுழற்சியின் ஏழாம் நாளை அடுத்த மாத ஏழாம் நாளோடு ஒப்பிடுவதே சரி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஆரம்பிக்கும் வீடுகளில் ஒரு வருத்தம் கட்டாயம் வரும். ஒரே சாப்பாடு, ஒரே நடை, அவருக்கு இரண்டு மாதத்தில் நாலு கிலோ, இவருக்கு இரண்டு. மனைவி ஏதும் தவறு செய்யவில்லை. 38 வயது, 152 செ.மீ, 62 கிலோ உள்ள பெண்ணின் அன்றாடச் செலவு 1,700 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் 300 குறைத்தாலே 1,400-க்கு வந்துவிடுகிறது; அதற்குக் கீழே போனால் இரும்புச்சத்து, புரதம் எல்லாம் அடிபடும். வாரம் கால் கிலோவுக்குச் சற்று மேல் என்பது அவருக்கு நல்ல வேகம். 12 வாரத்தில் மூன்று கிலோ. தைராய்டு மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒன்று: தைராய்டு சுரப்புக் குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலரை கிலோ வரைதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் தண்ணீரும். மாத்திரை சரியாக எடுப்பவருக்கும் மற்றவர்களுக்கும் மிச்சக் கணக்கு ஒன்றுதான்.

வேகத்துக்கு வாரம் உடல் எடையில் அரை சதவீதம் என்பது நிம்மதியான அளவு, ஒரு சதவீதம் உச்சவரம்பு. 80 கிலோ ஆளுக்கு 400 கிராம் முதல் 800 கிராம். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டவும் கூடும். முடி கொட்டும்போது ஷாம்பூவை மாற்றுவார்களே தவிர, மூன்று மாதத்துக்கு முன் பட்டினி கிடந்தது யாருக்கும் நினைவுக்கு வராது.

முதல் கட்டத்துக்கு எடையில் 5 முதல் 7 சதவீதம் போதும். நம் மனிதருக்கு நாலு முதல் ஐந்தரை கிலோ, 14 வாரம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. டாக்டர் ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் சுவாரசியம். அங்கே எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. இருந்தும் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. தராசு அசையவில்லை என்பதற்காக எல்லாம் வீண் என்று நிறுத்திவிடுபவர்கள் இதை எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

இனி சமையலறை. அந்த வேகத்துக்கு நம் மனிதர் தினமும் ஏறக்குறைய 400 கலோரி குறைக்க வேண்டும், புரதம் கூட வேண்டும். நம்மூர்ச் சாப்பாட்டில் இரண்டும் ஒரே இடத்தில் சிக்குகின்றன: தட்டில் சோறு மலை, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஒரு கிண்ணம் சாம்பாரில் நாலு கிராம் புரதம் தேறினால் அதிகம். சைவ வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுபவர் ஒரு நாளில் 50 கிராமைத் தாண்டுவதே சிரமம். எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற, இலக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.4 முதல் 1.6 கிராம் வேண்டும். 70 கிலோ இலக்கு என்றால் 98 முதல் 112 கிராம். முதல் நாளே அங்கே போகாதீர்கள். வயிறு உப்பும், வீட்டில் சண்டை வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 கிராம் வீதம் ஏற்றுங்கள்.

95 கிராமுக்கு ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 22 கிராம். மதியம் வெந்த சோறு 150 கிராம், பருப்பு, பொரியல், தயிர் 150 கிராம், கூடவே 120 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி (சமைப்பதற்கு முன் எடை): 40 கிராமை ஒட்டி. மாலை 100 கிராம் கொண்டைக்கடலை சுண்டலும் ஒரு டீயும்: 10 கிராம். இரவு இரண்டு சப்பாத்தி, 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் செய்த குருமா, கொஞ்சம் தயிர்: 23 கிராம். சைவர்கள் முட்டைக்கும் மீனுக்கும் பதில் 100 கிராம் பன்னீரும் ஒரு ஸ்கூப் வே புரோட்டீனும் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) வைத்தால் ஏறக்குறைய ஈடாகும். பன்னீரில் கொழுப்பும் கூடவே வரும் என்பதால் அன்று தாளிப்பில் கை சுருக்க வேண்டும். வேர்க்கடலையைப் 'புரதம்' என்று கைநிறைய அள்ளுவது இன்னொரு பொறி: 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்மைதான், கூடவே 560 கலோரிக்கு மேல்.

150 கிராம் சோறு என்றால் எவ்வளவு என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. சின்ன கிச்சன் தராசு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் மட்டும் எல்லாவற்றையும் எடை போடுங்கள். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோறு 350, 400 கிராம் இருக்கும். அதுவே 450 முதல் 520 கலோரி. உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை கரண்டி 150 கிராம் என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு தராசு வேண்டாம்.

எண்ணெயைத் தட்டில் பார்க்க முடியாது, மளிகை பில்லில் பார்க்கலாம். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் ஓடினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, 270 கலோரிக்கு மேல். இரண்டரை லிட்டரில் நிறுத்தினால் எந்தப் பதார்த்தத்தையும் விடாமலேயே 100 கலோரி மிச்சம். கேனை மாதத் தொடக்கத்தில் வாங்கி அதில் தேதி எழுதி வைப்பதுதான் எளிய வழி. தினமும் டயட் ஆப்பில் ஸ்பூன் கணக்கு எழுதுபவர்களைவிட இவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

வார நாட்களில் ஒழுங்காக இருந்தும் எடை அசையாதவர்கள் சனி, ஞாயிறைக் கணக்கெடுங்கள். ஐந்து நாள் 500 கலோரி குறைத்தால் 2,500. சனிக்கிழமை பரோட்டா, ஞாயிறு மதியம் பிரியாணி, மாலை பஜ்ஜி என்று இரண்டு நாளும் தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரம் போனால் மிச்சம் 500. வாரத்துக்கு 65 கிராம் கொழுப்பு! டிரெட்மில்லில் ஈடுகட்டிவிடலாம் என்றால், 70 கிலோ ஆள் மணிக்கு 5 கி.மீ வேகத்தில் அரை மணி நடந்தால் செலவாவது 120 கலோரி அளவுதான். திரையில் காட்டும் எண் பெரும்பாலும் தாராளம்.

வெயிட் பயிற்சி வாரம் மூன்று நாள், முழு உடம்புக்கும். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து எழுவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, இடுப்பிலிருந்து குனிந்து தூக்குவது ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (தடவை). கடைசி ரெப் முடிக்கும்போது இன்னும் இரண்டு மட்டும் முடியும் என்ற நிலையில் இருக்க வேண்டும். பேசிக்கொண்டே 20 போட முடிந்தால் எடை போதாது. மூன்று செட்டிலும் 12 வந்ததும் அடுத்த தட்டு, 2.5 கிலோ. இதற்கும் குறிக்கோள் எழுதுங்கள்: நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் டம்பெல் 10 கிலோவிலிருந்து ஆறு மாதத்தில் 22 கிலோ, மேசையில் கை ஊன்றிய புஷ் அப் தரைக்கு வந்து பத்து. எடை இறங்கும்போதும் இந்த எண்கள் ஏறினாலோ நின்றாலோ தசை பத்திரம். மூன்று நாலு பயிற்சியில் இரண்டு வாரம் தொடர்ந்து பின்னால் போனால் பற்றாக்குறை அதிகம், அல்லது தூக்கம் குறைவு, அல்லது புரதம் போதவில்லை. முதலில் தூக்கத்தைப் பாருங்கள். தொப்பைக்கு என்று தனியாக, மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கிப் போடும் 200 க்ரஞ்சால் தொப்பை கரையாது. அந்த நேரத்துக்கு நடக்கலாம்.

தசை எவ்வளவு கூடும்? புதிதாக ஆரம்பிக்கும் ஆணுக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தால், முதல் மாதங்களில் மாதம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ. பெண்ணுக்கு அதில் பாதி. நாற்பதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் மெதுவாக. கலோரி குறைத்துக்கொண்டே இருந்தால் இதிலும் குறையும். எனவே 'கொழுப்பு 10 கிலோ போகணும், தசை 5 கிலோ வரணும், பொங்கலுக்குள்' என்பது இரண்டு வருட வேலை.

வருடத்தில் 52 வாரமும் குறைக்கும் வாரமல்ல என்பதைக் காலண்டரைப் பார்த்து முதலிலேயே ஒத்துக்கொள்வது நல்லது. ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பந்தி. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம். புரட்டாசியில் அசைவத்தோடு முட்டையையும் நிறுத்தும் வீடுகளில் புரதம் சட்டென்று 35 கிராம் இறங்கும். அந்த மாதம் மீல் மேக்கர், பன்னீர், தயிர் என்று முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். நவராத்திரிச் சுண்டலும் அதே சமயம் வருவது ஒரு வசதி. இதையெல்லாம் கழித்தால் உருப்படியாகக் கிடைப்பது 32, 34 வாரம். மற்ற வாரங்களுக்கு 'ஏறாமல் இருந்தால் போதும்' என்பதே குறிக்கோள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்கும் முன் மருத்துவரிடம் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது.

14 வாரம் முடிந்ததும் உடனே அடுத்த ஐந்து கிலோவுக்குத் தாவ வேண்டாம். இறங்கிய எடைக்கு ஏற்ப அன்றாடச் செலவும் 100, 150 கலோரி குறைந்திருக்கும், பசியும் கூடியிருக்கும். நாலு முதல் ஆறு வாரம் எடையை அங்கேயே நிறுத்துங்கள். வாரம் 100 கலோரி வீதம் சோற்றிலும் பருப்பிலும் கூட்டிக்கொண்டே வந்தால் எடை கொஞ்சம் ஏறலாம். கிளைகோஜன் திரும்ப நிரம்புகிறது, இடுப்பு டேப் அசைந்திருக்காது. எடையைப் பார்த்துப் பதறி மறுபடி பட்டினி கிடப்பவர்கள்தான் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். நிறுத்தம் முடிந்ததும் அன்றைய இடுப்பு அளவோடு இரண்டு செ.மீ கூட்டி ஒரு கோடு போட்டு எழுதி வையுங்கள். எப்போது டேப் அதைத் தாண்டுகிறதோ, அந்த வாரமே எண்ணெய்க் கேனையும் சோற்றுக் கரண்டியையும் மறுபடி எண்ண ஆரம்பித்தால் போதும்.